மோஸ்தரும் தருமமும்: பென்னிகுயிக் கதையை முன்வைத்து

வடுகபட்டிப் பூண்டுச் சந்தையில் ஒரு கமிஷன் கடை. கல்லாவுக்கு மேலே மூன்று படங்கள். லட்சுமி, கடைக்காரரின் தகப்பனார், கர்னல் ஜான் பென்னிகுயிக். மூன்றுக்கும் ஒரே அளவு பூச்சரம், ஒரே ஊதுபத்தி. எங்கள் ஊர் வயலுக்குப் பாய்வது வராக நதித் தண்ணீர். மூட்டையில் கிடக்கும் மலைப்பூண்டு கொடைக்கானல் மலையிலிருந்து இறங்குவது. முல்லைப் பெரியாற்று நீரால் நேரடியாக விளையும் எதுவும் அந்தக் கடையில் இல்லை. பிறகு ஏன் இந்தப் படம் என்று கேட்டேன். எழுபதைத் தாண்டிய கடைக்காரர் தராசிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "பாதி அணை கட்டைல வெள்ளம் அடிச்சிட்டுப் போயிருச்சு தம்பி. இனி காசு கெடையாதுன்னு கவர்மெண்டு கைய விரிச்சிருச்சு. அந்த மனுசன் சீமைக்குப் போயி இருந்த சொத்த வித்து, பொண்டாட்டி கழுத்துல கெடந்ததையும் வித்து வந்து கட்டி முடிச்சாரு. இன்னைக்கு எவன் செய்வான்?"

இந்தக் கதை தேனி மாவட்டத்தில் பிறந்த எவருக்கும் தாய்ப்பாலோடு வருவது. கூடலூரிலிருந்து தேனி வரை ஆட்டோவின் பின்கண்ணாடியிலும் டீக்கடைச் சுவரிலும் அவர் இருக்கிறார். பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள். தைப் பொங்கலன்று (ஜனவரி 15 அவர் பிறந்த நாளும்கூட) அவர் படத்தின் முன்னால் பானை பொங்குகிறது. 2013இல் லோயர் கேம்ப்பில் அரசே மணிமண்டபம் கட்டிக் கொடுத்தது. 2022இல் இங்கிலாந்தின் கேம்பர்லியில், அவர் இறந்த ஊரில், தமிழக அரசு சிலை வைத்தது. வெள்ளைக்காரன் இங்கே வைத்துவிட்டுப் போன சிலைகளை அகற்றுவது பற்றி நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நாம் போய் அவன் ஊரில் அவனுக்குச் சிலை வைத்ததைப் பற்றி யோசித்தவர்கள் குறைவு.

மேற்கு நாடுகள் ஏழை நாடுகளுக்குச் செய்யும் தருமம் நிலைத்து நிற்கக்கூடியதா, வெறும் மோஸ்தரா என்ற பழைய கேள்வி 2025இல் மறுபடி எழுந்தது. கென்னடி காலத்தில், 1961இல், தொடங்கப்பட்ட அமெரிக்க உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட், ஜனவரியில் வந்த ஓர் உத்தரவால் முடக்கப்பட்டு ஜூலை முதல் தேதியோடு தனி அமைப்பாக இல்லாமல் போனது. பிரிட்டன் தன் தேசிய வருமானத்தில் நூற்றுக்கு 0.7 பங்கை உதவிக்கென்று சட்டமாகவே எழுதி வைத்திருந்தது. 2021இல் அது 0.5 ஆயிற்று. 2027க்குள் 0.3 ஆகும் என்று 2025 பிப்ரவரியில் அறிவித்தார்கள். பத்திரிகைகளில் ஒரு சாரார் 'மனிதாபிமானத்தின் மரணம்' என்று புலம்ப, மற்றொரு சாரார் 'ஏகாதிபத்தியத்தின் முகமூடி கழன்றது' என்று கைதட்டினார்கள். இரண்டு தரப்பும் கொடுப்பவனையே பார்த்துக்கொண்டிருக்கின்றன. வாங்கியவனின் ஞாபகத்தில் எது தங்கியது, எது தங்கவில்லை என்ற பக்கத்திலிருந்து இதை வாசிக்க முடியுமா என்பதே என் அக்கறை. அதற்கு எங்கள் பள்ளத்தாக்கைவிட நல்ல பிரதி கிடைக்காது. ஏனென்றால் இங்கே ஒரு விசித்திரம் நடந்திருக்கிறது: தருமமாக வந்தவை எல்லாம் மறந்துபோயின, தருமமாக வராத ஒன்று தருமக் கதையாகி நிற்கிறது.

மறந்துபோன ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். தாது வருஷப் பஞ்சம், 1876–78. எங்கள் பக்கத்துப் பாட்டிமார்கள் சாப்பாட்டை வீணாக்கும் குழந்தையைத் திட்ட இன்னும் அந்த வருஷத்தின் பெயரைத்தான் எடுக்கிறார்கள். 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடத்தி விக்டோரியாவைச் சக்கரவர்த்தினியாக அறிவித்த வைசிராய் லிட்டன், பஞ்சச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிளை மதராசுக்கு அனுப்பினார். நிவாரண வேலையில் கல் உடைத்தவனுக்கு நாளொன்றுக்கு ஒரு ராத்தல் தானியமும் கொஞ்சம் சில்லறையும் போதும் என்று டெம்பிள் கூலியை வெட்டினார். பஞ்சம் நடக்கும்போதே துறைமுகத்திலிருந்து தானியம் கப்பலேறியது. அந்த ஆகஸ்டில் மதராசில் பொதுக்கூட்டம் கூடி லண்டனுக்கு வேண்டுகோள் போயிற்று. லண்டன் மேயர் மேன்ஷன் ஹவுஸ் நிதியைத் திறந்தார். வைசிராய்க்கு இந்த இரக்கக் கூச்சல் பிடிக்கவேயில்லை. ஆனாலும் பிரிட்டன் முழுக்க மாதாகோயில்களும் ஆலைகளும் பள்ளிக்கூடங்களும் உண்டியல் குலுக்கின. சில மாதங்களில் சேர்ந்தது ஆறரை லட்சம் பவுனுக்கு மேல்.

இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லங்காஷயரில் தறி ஓட்டியவன் போட்ட பென்னி பொய்யில்லை. அந்தப் பணத்தில் விதை நெல் வாங்கினார்கள், உழவு மாடு வாங்கினார்கள், அநாதைகளுக்குக் கஞ்சி ஊற்றினார்கள், கூரை வேய்ந்தார்கள். நிதிக் குழுவின் கௌரவச் செயலாளராக இருந்தவர் 'மெட்ராஸ் டைம்ஸ்' ஆசிரியர் வில்லியம் டிக்பி. 1878இல் வெளியான தன் இரண்டு பாகப் பஞ்ச வரலாற்றில் இதையெல்லாம் கணக்கோடு பதிந்திருக்கிறார். ஆனால் மழை பெய்தது. நவம்பரில் நிதி மூடப்பட்டது. பஞ்சம் முடிந்ததால் மூடினார்கள் என்பது ஒரு வாசிப்பு. மழைக்குப் பின்னும் காய்ச்சலில் ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தார்கள் என்பதையும் சேர்த்து வாசிக்க வேண்டும். பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சம் பேருக்கு மேல் செத்ததாக 1880ஆம் வருஷப் பஞ்சக் கமிஷன் கணக்கிட்டது. தர்மவானின் பருவமும் பட்டினியின் பருவமும் ஒன்றாக இருப்பதில்லை. இன்று தாது வருஷத்தின் பெயர் நம் பாட்டிமார் வாயில் இருக்கிறது. மேன்ஷன் ஹவுஸ் நிதி என்று எவர் வாயிலும் இல்லை. ஆறரை லட்சம் பவுன் ஒரு சொலவடையைக்கூட விட்டுச்செல்லவில்லை.

விட்டுச்சென்றது வேறு. அந்தப் பஞ்சக் கமிஷனின் தொடர்ச்சியாக 1880களில் பஞ்ச விதித் தொகுப்பு வந்தது. எந்த அறிகுறி தெரிந்தால் எந்த அதிகாரி என்ன செய்ய வேண்டும் என்று எழுதி வைத்தார்கள். கஞ்சத்தனமான விதிகள்தாம். என்றாலும் அவை லண்டன் மேயரின் மனம் இளகுவதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அதே பஞ்சத்தின் நிழலில்தான், அதுவரை பல தலைமுறையாகக் காகிதத்தில் கிடந்த பெரியாற்றுத் திட்டத்துக்கும் உயிர் வந்தது. மேற்கே ஓடும் ஆற்றைக் கிழக்கே திருப்பும் யோசனை ராமநாதபுரம் சமஸ்தானத்தில் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே இருந்தது. 1808இல் கால்டுவெல் என்ற கும்பினிப் பொறியாளர் பார்த்துவிட்டு நடவாத காரியம் என்று எழுதிவைத்தார். 1882இல் பென்னிகுயிக்கிடம் திருத்திய திட்டம் கேட்கப்பட்டது. 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூரோடு குத்தகை ஒப்பந்தம்: 8000 ஏக்கர், ஏக்கருக்கு வருஷம் ஐந்து ரூபாய், 999 வருஷம். 1887இல் வேலை தொடங்கி 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் திறந்து வைத்தார்.

இதில் தருமம் எங்கே? அணை கட்டியது மதராஸ் அரசாங்கத்தின் பணம். அதாவது நம் பாட்டன் கட்டிய தீர்வை. தண்ணீர் பாய்ந்தால் வரும் வருமானம் முதலையும் வட்டியையும் தாங்குமா என்று கணக்குப் பார்த்த பிறகே இத்தகைய வேலைகளுக்கு அனுமதி கிடைக்கும். பென்னிகுயிக் ராயல் எஞ்சினியர்ஸ் படையைச் சேர்ந்த, சம்பளம் வாங்கிய அதிகாரி. மகத்தான பொறியாளர், பிடிவாதக்காரர். வெள்ளத்தில் தற்காலிகத் தடுப்புகள் அடித்துச் செல்லப்பட்டதும், திரும்பத் திரும்பக் கட்டியதும் உண்மை. சொத்து விற்றதற்கும் நகை விற்றதற்கும் ஆவணம் காட்டியவர் இதுவரை இல்லை. அந்த வேலையில் அவரோடு இருந்த ஏ.டி. மெக்கன்சி 1899இல் திட்டத்தின் வரலாற்றை விரிவாக எழுதினார். அது சுண்ணாம்பும் சுர்க்கியும் மலேரியாவும் நிறைந்த நூல். கழுத்து நகைக்குரிய நூல் இல்லை.

சில வருஷங்களுக்கு முன்பு இதையெல்லாம் படித்தபோது எனக்கு ஏற்பட்டது எரிச்சல். அடிமைப் புத்தி என்று ஒரு கட்டுரைக்குக் குறிப்பும் எடுத்தேன். காலனியக் கருத்தியல் எப்படி ஆளப்பட்டவனின் வாயாலேயே தன் புகழைப் பாடவைக்கிறது என்பதற்கு இதைவிடப் பொருத்தமான கதையாடல் ஏது? நல்லவேளை, அதை எழுதவில்லை. கெடுத்தவள் என் அத்தை.

அத்தை பள்ளிக்கூடம் போனது 1960களில். மதிய உணவுக்குக் கோதுமை ரவை உப்புமா, சில நாள் மஞ்சள் நிறத்தில் மக்காச்சோள மாவுக் கிண்டல், கரைத்த பால் பவுடர். அமெரிக்காவின் கேர் நிறுவனம் கொடுத்தது. காமராஜர் 1956இல் தொடங்கிய மதிய உணவு முதலில் ஊர்க்காரர்கள் கொடுத்த அரிசி பருப்பில்தான் அதிகமும் ஓடியது. கேர் பின்னால் வந்து சேர்ந்தது. இதன் பின்னணியில் இருந்தது 1954இல் ஐசன்ஹோவர் கையெழுத்திட்ட பி.எல். 480 என்ற சட்டம். அமெரிக்கக் கிடங்குகளில் விற்காமல் கிடந்த தானியத்தைத் தள்ளிவிடுவது அதன் வெளிப்படையான நோக்கங்களில் ஒன்று. சட்டத்தின் பெயரிலேயே வியாபாரம் முன்னால், உதவி பின்னால். 1965–66 வறட்சியில் இந்தியா கப்பலை எதிர்பார்த்து நின்றபோது, ஜான்சன் மாதக் கணக்கில் அளந்து விட்டார். வியட்நாம் பற்றி டெல்லி வாய் திறக்கும்போதெல்லாம் கப்பல் தாமதமானது என்பது அந்தக் காலப் பேச்சு. (பார்த்தீனியச் செடியும் அந்தக் கோதுமையோடுதான் வந்தது என்று எங்கள் பக்கம் சொல்வார்கள். விவசாயிக்கு எதையும் தாவரவியலாகவே ஞாபகம்.)

அத்தையிடம் கேட்டேன். "யாரு குடுத்தாங்கன்னு தெரியுமா?"

"அமெரிக்காவோ ஆஸ்திரேலியாவோ. டின்னுல ரெண்டு கை கோத்திருக்கும். கை மட்டுந்தான். மூஞ்சி இருக்காது மருமகனே."

அவள் சொன்னதற்குப் பிறகு அந்தச் சின்னத்தை என்னால் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை. கேடயத்துக்குள் குலுக்கிக்கொள்ளும் இரண்டு கைகள். விற்கக் கூடாது, மாற்றக் கூடாது என்ற எச்சரிக்கை. பெற்றுக்கொண்டவர்கள் அதை வாசித்த விதம்: முகமில்லை. முகமில்லாதவனுக்கு நன்றி சொல்வது எப்படி?

ஜார்ஜ் ஸிம்மல் என்ற ஜெர்மானியச் சமூகவியலாளர் 1908இல் ஏழையைப் பற்றி எழுதினார். அவர் வாதத்தின் சாரம் இது: நவீன சமூகத்தில் உதவி என்பது ஏழையின் பொருட்டுத் தரப்படுவதில்லை, கொடுக்கும் சமூகத்தின் ஒழுங்குக்காகத் தரப்படுகிறது, கொடுப்பதற்குக் கடமை உண்டு, ஆனால் அந்தக் கடமை ஏழையை நோக்கியது அல்ல, ஆகவே அவனுக்குக் கேட்கும் உரிமை இல்லை. மார்செல் மோஸ் 1925இல் கொடையைப் பற்றி எழுதியபோது இன்னொரு பக்கத்தைத் தொட்டார். கொடுத்தல், வாங்குதல், திருப்பித் தருதல் மூன்றும் சேர்ந்த வட்டம் கொடை. திருப்பித் தர முடியாதபடி வரும் கொடை வாங்கியவனைக் காயப்படுத்தும். இருவரையும் ஒட்டி வாசித்தால் மோஸ்தர் என்ற சொல்லுக்கு ஒரு பொருள் கிடைக்கிறது. மேற்கத்தியன் மனத்தில் இரக்கம் குறைவு என்பது அதற்குப் பொருளல்ல. தொடங்குவதும் நிறுத்துவதும் ஒரே பக்கத்தில் இருக்கிறது என்பதே பொருள். 1984 அக்டோபரில் எத்தியோப்பியப் பட்டினி பி.பி.சி. திரையில் வந்தது, 1985 ஜூலை 13இல் வெம்ப்ளியிலும் ஃபிலடெல்ஃபியாவிலும் பாட்டுக் கச்சேரி. பஞ்சம் அந்தத் திரைக்கு முன்பே இருந்தது. திரை மாறிய பின்னும் இருந்தது.

நம் பழைய இலக்கியத்தை இந்த இடத்தில் வலிந்து இழுத்துவருகிறேன் என்று நினைக்க வேண்டாம். எம்.ஏ. தமிழ் படித்தவனுக்கு இந்த நோய் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் புறநானூற்றுப் பாடாண் திணையில் கொடுத்தவனை உண்டாக்குபவன் வாங்கியவன். முல்லைக்குத் தேர் கொடுத்த பாரியும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனும் இன்று இருப்பது பாணனும் புலவனும் பாடியதால். பரிசில் என்பது இலவசமல்ல. பாட்டு அதன் மறுகொடை. மோஸின் வட்டம் அங்கே மூடுகிறது. கொடுக்காதவனை அதே பாணன் முகத்துக்கு நேரே பழித்துவிட்டுப் போகவும் செய்தான். மேற்கின் நவீன தருமத்தில் இந்த இடம் தலைகீழாகிறது. இங்கே பாடுபவன் கொடுப்பவனே. தொண்டு நிறுவன வெளியீட்டில் கண்ணை விரித்து நிற்கும் குழந்தைக்குப் பேச்சில்லை. அது பாடு பொருள், பாணன் அல்ல. மாதச் சந்தா கட்டும் வெளிநாட்டு 'அப்பா'வுக்கு வருஷத்துக்கு இரண்டு கடிதம் எழுதும் பிள்ளைகளை இந்தப் பகுதியில் நான் அறிவேன். என்ன எழுத வேண்டும் என்று பலகையில் எழுதிப் போட்டிருப்பார்கள். பார்த்து எழுதும் நன்றி. 2017இல் கம்பாஷன் இன்டர்நேஷனல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் அந்தப் பட்டியல்களிலிருந்து கழன்றன. அங்கே குழாயை மூடியது கொடுத்தவன் அல்ல, வெளிநாட்டு நிதிச் சட்டத்தின் பெயரால் டெல்லி. பிள்ளைகளைப் பொறுத்தவரை வித்தியாசமில்லை. திறந்தபோதும் அவர்களைக் கேட்கவில்லை, மூடியபோதும் கேட்கவில்லை. 2004 சுனாமிக்குப் பின் நாகப்பட்டினக் கரையில் போட்டி போட்டுக்கொண்டு ஃபைபர் படகுகள் இறக்கினார்கள், கடலுக்கும் மீனுக்கும் அத்தனை படகு தாங்குமா என்று கேட்காமலே. அதுவும் இதே கணக்குதான்.

இந்த வெளிச்சத்தில்தான் பென்னிகுயிக் கதையை மறுபடி வாசிக்க வேண்டியிருக்கிறது. கழுத்து நகையை விற்ற கதையை லண்டனில் யாரும் எழுதவில்லை. பள்ளத்தாக்கு எழுதியது. சொத்தை விற்றல், மனைவியின் தாலிக்கொடி வரை விற்றல் என்பவை விக்டோரியா கால ஆங்கிலேயனின் தியாகக் குறியீடுகள் அல்ல. எங்கள் சம்சாரி கிணறு வெட்டும்போது, மகளைக் கட்டிக்கொடுக்கும்போது செய்வது. கடைக்காரர் சொன்ன பென்னிகுயிக், தொப்பி போட்ட ஒரு கம்பம் விவசாயி. அரசாங்கம் கைவிட்டதும் தன் வீட்டை அடகு வைத்துத் தண்ணீரைக் கொண்டுவந்தவர். முகமில்லாத ராஜாங்கத்தின் கணக்குப் புத்தகத்திலிருந்து ஒரு முகத்தைப் பிடுங்கி, தன் ஜாடையை அதற்குக் கொடுத்து, நன்றி சொல்லும் உரிமையைத் தானே எடுத்துக்கொண்டிருக்கிறது இந்த ஜனம். இது அடிமைப் புத்தி என்றால் பாணன் செய்ததும் அடிமைப் புத்திதான்.

எனக்கு ஒரு மனத்தாங்கல் மிச்சமிருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. நகைக் கதையில் கொடுத்தவர் ஒருவரே. தேக்கடிக் காட்டில் காய்ச்சலிலும் காலராவிலும் விபத்திலும் செத்த நூற்றுக்கணக்கான கூலிகள் அதில் இல்லை. அணைக்குப் பக்கத்தில் ஒரு கல்லறை மேடு இருக்கிறது. அதற்குப் பொங்கல் வைக்க லோயர் கேம்ப்பிலிருந்து ஊர்வலம் போவதில்லை. இதே தண்ணீர் கீழே வந்து தேங்கும் வைகை அணை 1959இல் திறக்கப்பட்டபோது அதில் முழுகிய ஊர்களின் சனங்கள் எந்தக் கொடைக் கணக்கிலும் வரவில்லை. அப்படி ஊரிழந்து வடுகபட்டிக்கு வந்த குடும்பம் ஒன்றில் வளர்ந்த வைரமுத்து 'கள்ளிக்காட்டு இதிகாசம்' எழுதியதால் அவர்களுக்கு ஒரு பிரதியாவது வாய்த்தது. 2003இல் அதற்குச் சாகித்திய அகாதெமி பரிசும் கிடைத்தது. நாவலின் மிகையுணர்ச்சி பற்றி எனக்குச் சண்டை உண்டு. ஆனால் தண்ணீருக்கு நிலத்தைக் கொடுத்தவனைக் கொடையாளியாகப் பார்க்கும் கண் அதில் இருக்கிறது. கூலிகளுக்கு அதுகூட இல்லை. முகம் கொடுக்கத் தெரிந்த ஒரு ஜனம் தன் சாதிசனத்தின் முகத்தை ஏன் வரையவில்லை என்ற கேள்விக்கு, 'வெள்ளைத் தோல் மயக்கம்' என்ற சுலபமான பதிலை நான் நம்பவில்லை. தன் உழைப்பைக் கொடை என்று எண்ணும் பழக்கம் நமக்கு இல்லை. கூலி வாங்கியாயிற்றல்லவா, அதோடு சரி என்று விடுகிறோம். சம்பளம் வாங்கிய பென்னிகுயிக்குக்கு மட்டும் அந்த விதி பொருந்தவில்லை.

நிலைத்த தருமமே இல்லையா என்று கேட்பவர்களுக்குத் தேனியிலேயே ஓர் உதாரணம் உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் மதுரையில் பதினொரு படுக்கையோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை 1985இல் தேனிக்கு வந்தது. கண்புரை எடுத்தபின் உள்ளே வைக்கும் லென்சு அப்போது அமெரிக்காவிலிருந்து நன்கொடையாக வந்தது. விலைக்கு வாங்குவதென்றால் ஏழைக்குக் கட்டாது. அமெரிக்காவின் சேவா அறக்கட்டளையைச் சேர்ந்தவர்களும் மதுரைக்காரர்களும் சேர்ந்து எடுத்த முடிவு, நன்கொடை லென்சை இன்னும் அதிகமாகக் கேட்பதில்லை, லென்சு செய்யும் வித்தையைக் கொண்டுவருவது. 1992இல் ஆரோலேப் தொடங்கியது. லென்சின் விலை பத்து டாலர் அளவுக்கு இறங்கியது, பிறகு இன்னும் இறங்கியது. இன்று அது நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. இங்கே கொடுத்தவன் தன் கொடை தேவைப்படாத நாளுக்கு வேலை செய்தான். குழாயின் திருகு கைமாறியது. என் ஆச்சி கண்ணில் இருந்தது அந்த மதுரை லென்சுதான். யார் கொடுத்தது என்ற கேள்வியே அவளுக்கு எழவில்லை. "ஆஸ்பத்திரில வச்சாங்க" என்பாள். மேன்ஷன் ஹவுஸ் நிதியை மறந்தது போன்ற மறதியல்ல இது. பெயர் தேவைப்படாத அளவுக்குப் பொருள் தனதாகிவிட்டது. சத்துணவும் அப்படித்தான். 1982க்குப் பிறகு அது மாநில அரசின் செலவில் ஓடியது. நான் படித்த காலத்தில் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றவன் யாருக்கும் கடிதம் எழுத வேண்டியிருக்கவில்லை. முட்டை சின்னதாக இருந்தால் ஆயாவிடம் சண்டை போட்டோம்.

கடைக்காரரிடம் திரும்பப் போனேன். நகை விற்றதற்கு ஆதாரம் இல்லையாம் ஐயா, அது சர்க்காரு பணமாம், நம்ம தீர்வைப் பணமாம் என்றேன். கொஞ்ச நேரம் பூண்டைப் புடைத்துக்கொண்டிருந்தார். "சர்க்காரு பணம்னா சர்க்காரு படத்தையா மாட்டச் சொல்ற?" என்றார். எனக்குப் பதில் இல்லை. அப்புறம் அவரே, "அங்க செத்தவுக படம் எதும் இருக்காப்பா?" என்று கேட்டார். மெக்கன்சி புத்தகத்தில் எண்ணிக்கை உண்டு, படம் இல்லை என்றேன்.

அத்தை வீட்டுப் பரணில் அந்தக் காலத்து எண்ணெய் டின் ஒன்று இன்னும் கிடக்கிறது. சின்னம் துருவில் பாதி போய்விட்டது. உள்ளே போன வருஷத்துப் பூண்டு. உப்புமாவைப் பற்றி இன்னும் கொஞ்சம் கேட்டபோது, கிண்டிப் போட்ட அம்மாளின் பெயரை உடனே சொன்னாள். எந்தத் தெரு, யார் மகள், எந்தக் கையால் கரண்டி பிடிப்பாள், அடிப்பிடித்த காந்தலை யாருக்கு எடுத்துவைப்பாள் என்பது வரைக்கும்.

"காந்தல் எனக்குத்தான்" என்றாள் அத்தை.